குதிக்காத வகுப்புக்குப் போகலாமா?

கேள்வி: எனக்கு 48 வயது. கோவையில் ஒரு வங்கியில் வேலை. உயரம் 158 செ.மீ., எடை 72 கிலோ. பிரஷருக்கு தினமும் டெல்மிசார்டன் 40 சாப்பிடுகிறேன், சர்க்கரை இல்லை. படி இறங்கும்போது இரண்டு முட்டியும் வலிக்கிறது. எக்ஸ்ரே பார்த்த டாக்டர் ஆரம்பநிலைத் தேய்மானம் என்றார். போன வருடம் ஜும்பா நடன வகுப்பில் சேர்ந்து பாதியில் நின்றுவிட்டேன். இப்போது வீட்டுக்குப் பக்கத்தில் 'லோ இம்பாக்ட் பிலாட்டீஸ் கார்டியோ' என்று ஒரு வகுப்பு ஆரம்பித்திருக்கிறார்கள், முதல் வகுப்பு இலவசம். மகள் போகச் சொல்கிறாள். என்னால் தாக்குப்பிடிக்க முடியுமா? பிரஷர் ஏறிவிடாதா? வாட்ச்சில் துடிப்பு 140 காட்டினால் ஆபத்தா? எடை குறையுமா? இன்னொன்று, எழுதவே கூச்சமாக இருக்கிறது. குதித்தாலோ தும்மினாலோ கொஞ்சம் சிறுநீர் கசிகிறது. ஜும்பாவை நிறுத்தியதற்கு முட்டி மட்டும் காரணம் இல்லை.

பதில்: நீங்கள் கடைசியில் எழுதியதிலிருந்தே தொடங்குகிறேன். மற்ற எல்லாக் கேள்விகளுக்கும் பதில் அதில்தான் ஆரம்பிக்கிறது. முட்டி வலி, முதுகு வலி என்று என்னிடம் வரும் பெண்கள் பலர், சிகிச்சை முடிந்து கிளம்பும் நேரத்தில், கதவருகே நின்றுகொண்டு இந்த விஷயத்தைச் சொல்வார்கள். சொல்லாமலே போகிறவர்கள் அதைவிட அதிகம் இருப்பார்கள் என்பது என் ஊகம். கல்யாண வீட்டில் சிரிக்கப் பயப்படுகிறார்கள், பஸ் பயணத்துக்கு முன்னால் தண்ணீர் குடிக்காமல் இருக்கிறார்கள், உடற்பயிற்சியை முட்டியின் பேரைச் சொல்லி விட்டுவிடுகிறார்கள். நீங்கள் எழுதிவிட்டீர்கள். மிகவும் நல்லது, ஏனென்றால் இது பெரும்பாலும் பயிற்சியாலேயே நன்றாகக் குறையக்கூடிய தொந்தரவு.

சிறுநீர்ப்பை, கர்ப்பப்பை, மலக்குடல் மூன்றையும் கீழிருந்து ஒரு தூளியைப் போலத் தாங்கிக்கொண்டிருப்பவை இடுப்புத்தளத் தசைகள். பிரசவம், கூடுதல் எடை, பல வருட மலச்சிக்கல், மாதவிடாய் நிற்கப்போகும் வயதின் ஹார்மோன் மாற்றம் எல்லாம் சேர்ந்து இவற்றைத் தளர்த்துகின்றன. தும்மும்போதும் குதிக்கும்போதும் வயிற்றுக்குள் அழுத்தம் சட்டென்று ஏறுகிறது. அந்த நொடியில் தசை இறுகித் தாங்காவிட்டால் கசிவு. ஜும்பாவில் ஒரு பாட்டுக்கே எத்தனை குதி! உங்களுக்கு அது ஒத்துவராமல் போனதில் ஆச்சரியமே இல்லை.

வகுப்பில் சேர்ந்தாலும் சேராவிட்டாலும் இதை இன்றே ஆரம்பியுங்கள். படுத்துக்கொண்டோ நாற்காலியில் உட்கார்ந்தோ, காற்றுப் பிரிவதை அடக்குவதுபோலவும் சிறுநீரை நிறுத்துவதுபோலவும் ஒரே நேரத்தில் உள்ளே இழுத்து மேலே தூக்குங்கள். தொடையும் பிட்டமும் இறுகக்கூடாது, மூச்சு நிற்கக்கூடாது. ஐந்து எண்ணும்வரை பிடித்து, பிறகு முழுவதுமாக விட்டுவிடுங்கள். விடுவதும் பிடிப்பதைப் போலவே முக்கியம். ஒரு வேளைக்கு எட்டிலிருந்து பத்து தடவை, ஒரு நாளைக்கு மூன்று வேளை, குறைந்தது மூன்று மாதம். முதல் வாரத்தில் ஐந்து எண்ணும்வரை பிடிக்க வரவில்லையென்றால் இரண்டு எண்ணுங்கள், போதும். கழிப்பறையில் சிறுநீர் போகும்போதே நிறுத்திப் பழகும் வேலை வேண்டாம். தும்மல் வரப்போகிறது என்று தெரிந்ததும், கனமான பையைத் தூக்குவதற்கு முன்னாலும், இந்தத் தசையை இறுக்கிக்கொண்டால் கசிவு அங்கேயே குறைவதைப் பார்ப்பீர்கள்.

கசிவோடு எரிச்சல், ரத்தம், அடியில் ஏதோ இறங்கி வருவதுபோன்ற உணர்வு, அல்லது தசையை இறுக்கும்போது வலி இருந்தால் முதலில் மகப்பேறு மருத்துவரைப் பாருங்கள். அதற்குப் பிறகுதான் பயிற்சி.

சரி, இப்போது வகுப்புக்கு வருவோம். என் பதில்: தாராளமாகப் போங்கள். உங்கள் முட்டிக்கும் கசிவுக்கும் ஜும்பாவைவிட இது எவ்வளவோ பொருத்தம்.

லோ இம்பாக்ட் என்றால் எந்த நேரத்திலும் ஒரு காலாவது தரையில் இருக்கும், இரண்டு காலும் சேர்ந்து மேலே கிளம்பாது. ஓடும்போது ஒவ்வொரு அடியிலும் உடல் எடையைப்போல இரண்டு மூன்று மடங்கு விசை காலில் இறங்குகிறது. நடக்கும்போது அது உடல் எடையைவிடக் கொஞ்சம்தான் கூடுதல். வித்தியாசம் இதில்தான். இடி குறைவு என்பதால் உழைப்பும் குறைவு என்று எண்ணிக்கொண்டு போகாதீர்கள். பக்கவாட்டில் அடி வைப்பது, முட்டியை இடுப்பு உயரத்துக்குத் தூக்குவது, கையை மேலே நீட்டிக்கொண்டே பாதி உட்கார்ந்து எழுவது என்று இடைவெளி இல்லாமல் செய்தால் பத்தாவது நிமிடத்தில் நன்றாகவே வேர்க்கும். தாக்குப்பிடிக்க முடியுமா என்று கேட்டிருந்தீர்கள். முழு வகுப்பையும் எல்லாரையும்போலச் செய்வதுதான் தாக்குப்பிடிப்பது என்றால், முதல் நாளில் முடியாது, முடியவும் வேண்டியதில்லை. பாதி அசைவுகளைச் சின்னதாகச் செய்து, தேவைப்பட்ட இடத்தில் நின்று மூச்சு வாங்கி, மறுநாள் நன்றாக நடமாட முடிந்தால் முதல் வகுப்பு வெற்றி.

பிலாட்டீஸை உருவாக்கிய ஜோசப் பிலாட்டீஸ் 1883-இல் ஜெர்மனியில் பிறந்தவர். சிறு வயதில் ஆஸ்துமா உள்ளிட்ட நோய்களால் நலிந்திருந்தவர். முதல் உலகப்போரின்போது பிரிட்டனில் ஜெர்மானியர் என்பதற்காகத் தடுப்பு முகாமில் அடைக்கப்பட்டபோது தன் பயிற்சிகளை மேலும் வளர்த்து, பிறகு நியூயார்க்கில் சொல்லிக்கொடுத்தார். அவர் வகுத்தது மூச்சோடு சேர்ந்த, நிதானமான, கட்டுப்பாடான அசைவு. பாட்டு போட்டு வேகமாகச் செய்யும் கார்டியோ வடிவம் பின்னால் வந்த கலவை. இதை ஏன் சொல்கிறேன் என்றால், பாட்டின் வேகம் ஏறும்போது முதலில் கைவிடப்படுவது அந்த மூச்சும் கட்டுப்பாடும்தான். இரண்டில் ஒன்றை விட்டாக வேண்டும் என்றால் வேகத்தை விடுங்கள்.

உங்கள் பிரஷர் கேள்விக்கும் பதில் அந்த மூச்சில்தான் இருக்கிறது. உழைக்கும்போது பிரஷர் கொஞ்சம் ஏறுவது இயல்பு. தொடர்ந்து மாதக்கணக்கில் செய்துவந்தால் சாதாரண நேரத்து அளவு குறையவே வாய்ப்பு அதிகம். சிக்கல் வருவது மூச்சைப் பிடித்துக்கொண்டு திணறும்போது. வயிற்றை இறுக்குங்கள் என்று பயிற்சியாளர் சொன்னதும் புதியவர்கள் மூச்சையும் சேர்த்து நிறுத்திவிடுவார்கள். முகம் சிவக்கும், கழுத்து நரம்பு புடைக்கும். அந்த நேரத்தில் பிரஷரும் எகிறும், கீழே அழுத்தமும் கூடிக் கசிவும் வரும். ஒரே தவறு, இரண்டு தொந்தரவு. எந்த அசைவிலும் கஷ்டமான பகுதியில் வாய்வழியாக மூச்சை வெளியே விடுங்கள், அதோடு சேர்த்து இடுப்புத்தளத்தை மேலே தூக்குங்கள். எழும்போது வெளியே, திரும்பி வரும்போது உள்ளே. பக்கத்தில் இருப்பவரின் வேகத்தைப் பார்க்காமல் இந்த ஒன்றை மட்டும் கவனித்தால் முதல் நாளில் போதும்.

வகுப்புக்குப் போகும் வாரத்தில் ஒரு நாள் பிரஷரைப் பார்த்துக்கொள்ளுங்கள். 180/110-ஐத் தொட்டிருந்தால் வகுப்பு வேண்டாம், மருத்துவரிடம் போங்கள். மாடி ஏறும்போது நெஞ்சு இறுக்கம், காரணமில்லாத மூச்சுத்திணறல், மயக்கம் என்று ஏற்கெனவே ஏதாவது இருந்தாலும் அப்படித்தான், ஈசிஜி பார்த்த பிறகே பயிற்சி. பிரஷர் கட்டுக்குள் இருக்கிறது, இப்போதே தினமும் கொஞ்சம் நடக்கிறேன் என்றால் மிதமான வேகத்தில் தொடங்கத் தடையில்லை. மாத்திரையை வகுப்புக்காக நிறுத்தவோ நேரம் மாற்றவோ வேண்டாம். ஒரே ஒரு கவனம்: தரையில் விரித்த மேட்டில் படுத்திருந்துவிட்டுப் பாட்டு மாறியதும் விருட்டென்று எழுந்தால் கிறுகிறுக்கும். ஒருக்களித்துத் திரும்பி, கையை ஊன்றி உட்கார்ந்து, முட்டி போட்டு ஒரு மூச்சு விட்டு, அப்புறம் எழுந்திருங்கள். மற்றவர்கள் ஆரம்பித்துவிட்டால் ஆரம்பிக்கட்டும்.

வாட்ச் விஷயம். 220-இலிருந்து வயதைக் கழித்தால் உங்களுக்கு 172. இதயத்தின் உச்சத் துடிப்புக்கு இது ஒரு தோராயக் கணக்கு. இதில் 64 முதல் 76 சதவீதம்வரை, அதாவது ஏறக்குறைய 110 முதல் 131 வரை, மிதமான உழைப்பு. 140 என்பது அதற்கு மேலே, கடின உழைப்பு. அந்த எண்ணைப் பார்த்த மாத்திரத்தில் பயப்பட வேண்டியதில்லை. ஆனால் முதல் வகுப்பில் அங்கேயே நிலைத்திருக்கவும் வேண்டாம், கையைக் கீழே இறக்கி, அடியைச் சின்னதாக்கினால் தானாக இறங்கும். எனக்கு வாட்ச்சைவிடப் பேச்சுச் சோதனையில்தான் நம்பிக்கை. பக்கத்தில் இருப்பவரிடம் ஒரு வாக்கியம் பேச முடிகிறது, பாட முடியவில்லை என்றால் சரியான வேகம். இரண்டு வார்த்தைக்கு ஒரு மூச்சு வாங்கினால் வேகம் அதிகம். உங்கள் டெல்மிசார்டன் துடிப்பைக் குறைக்கும் மாத்திரை இல்லை. இதைப் படிக்கும் வேறு யாராவது அட்டெனோலால், மெட்டோப்ரோலால் சாப்பிட்டால் வாட்ச் காட்டும் எண்ணை அளவுகோலாக வைக்காதீர்கள், அந்த மாத்திரைகள் துடிப்பை ஏறவிடாது. இன்சுலினோ கிளிமெபிரைடோ எடுக்கும் சர்க்கரைக்காரர்கள் வெறும் வயிற்றில் போகக்கூடாது, பையில் சர்க்கரையோ குளுக்கோஸோ இருக்க வேண்டும்.

நெஞ்சில் இறுக்கம், தாடைக்கோ இடது கைக்கோ பரவும் வலி, குளிர்ந்த வியர்வை, கண் இருட்டிக்கொண்டு வருவது, இவற்றில் எது வந்தாலும் உடனே நிறுத்திச் சொல்லிவிடுங்கள். உட்கார்ந்தும் அடங்கவில்லை என்றால் 108.

முட்டி. தேய்மானம் என்று கேட்டதும் பலர் அசைவையே குறைத்துவிடுகிறார்கள். அது தவறு. முட்டித் தேய்மானத்துக்கு முதல் சிகிச்சையே உடற்பயிற்சிதான், தொடையின் முன்பக்கத் தசையும் பிட்டத் தசையும் பலமானால் படி இறங்கும் வலி குறையும். ஸ்குவாட் செய்யச் சொல்லும்போது பின்னால் ஒரு ஸ்டூல் இருப்பதாக நினைத்து இடுப்பைப் பின்னுக்குத் தள்ளிக் கால்வாசிதான் இறங்குங்கள். குனிந்து பார்த்தால் முட்டி உங்கள் இரண்டாவது விரலுக்கு நேராக இருக்க வேண்டும், உள்பக்கமாகச் சாய்ந்து கட்டை விரல் தாண்டிப் போகக்கூடாது. கண்ணாடிக்கு நேராக நிற்க இடம் கிடைத்தால் கூச்சப்படாமல் அங்கே நில்லுங்கள், இதைப் பார்ப்பதற்குத்தான் அந்தக் கண்ணாடி. முட்டியில் 'டக் டக்' என்று சத்தம் வந்து வலி இல்லையென்றால் விட்டுவிடலாம். பத்துக்கு மூன்று மதிப்பெண்வரை போடக்கூடிய வலி பரவாயில்லை, அதற்கு மேல் போனால் ஆழத்தைக் குறையுங்கள். வெறும் காலோடு ரப்பர் மேட்டில் நின்று திரும்பும்போது பாதம் ஒட்டிக்கொள்ள, முட்டி மட்டும் திரும்பிவிடும். காலைத் தூக்கி வைத்துத்தான் திரும்ப வேண்டும். முட்டி போடும் அசைவுகளுக்கு ஒரு டவலை மடித்து அடியில் வையுங்கள்.

'ஹண்ட்ரட்' என்று ஒன்று வரும். மல்லாந்து படுத்துத் தலையையும் தோளையும் தூக்கி, கைகளை மேலும் கீழும் அசைத்தபடி ஐந்து எண்ணிக்கைக்கு மூச்சு உள்ளே, ஐந்துக்கு வெளியே, பத்துச் சுற்று. நீங்கள் தலையை மேட்டிலேயே வைத்துக்கொண்டு, பாதங்களைத் தரையில் ஊன்றிக்கொண்டு செய்யுங்கள். தலையைத் தூக்கினால் ஆரம்பத்தில் கழுத்து வலியும் கீழ்நோக்கிய அழுத்தமும்தான் மிஞ்சும். உடம்பைப் பலகைபோல நேராக வைத்துத் தாங்கும் பிளாங்க்கைச் சுவரில் கை ஊன்றியோ முட்டியைத் தரையில் வைத்தோ செய்யலாம். இடுப்பைத் தூக்கும் 'பிரிட்ஜ்' உங்களுக்கு அருமையானது. பிட்டத்துக்கு நல்ல வேலை, முட்டிக்கு இடி இல்லை, இடுப்புத்தளமும் கூடவே பழகும். வீட்டிலும் செய்யுங்கள்.

உடை பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் சொல்கிறேன், நம் ஊர்ப் பெண்களை வகுப்பில் படுத்துவது பெரும்பாலும் இதுதான். தொளதொளவென்ற குர்தா, பிரிட்ஜ் செய்யும்போது கழுத்துவரை சரிந்துவிடும். பிறகு மனசெல்லாம் துணியை இழுத்துவிடுவதில்தான் இருக்கும். உள்ளே உடம்போடு ஒட்டிய டி-ஷர்ட் போட்டு அதைப் பேண்ட்டுக்குள் செருகிவிடுங்கள், மேலே வேண்டுமானால் குர்தா போட்டுக்கொள்ளுங்கள். துப்பட்டா வேண்டாம். பேண்ட் குதிகாலில் மாட்டாத நீளத்தில் இருக்கட்டும். தாலிக்கொடி நீளமாக இருந்தால் கையும் முட்டியும் ஊன்றி நிற்கும்போது முகத்தில் வந்து அடிக்கும், டி-ஷர்ட்டுக்குள் போட்டு ஒரு ஊக்கு குத்திவிடுங்கள். குதிகாலைத் தூக்கும்போது மெட்டி விரலில் அழுத்தி நோகும், அடிப்பக்கம் வழுக்காத சாக்ஸ் போட்டால் கொஞ்சம் தேவலை. கொண்டையோ பெரிய கிளிப்போ இருந்தால் மல்லாந்து படுக்கவே முடியாது, தாழ்வாகப் பின்னல் போடுங்கள். மெல்லிய யோகா மேட்டைவிடத் தடிமனான மேட் முதுகெலும்புக்கு இதமாக இருக்கும், வகுப்பிலேயே கொடுப்பார்களா என்று கேளுங்கள். கசிவுப் பயம் இருக்கும்வரை ஒரு மெல்லிய பேட், அடர்நிறப் பேண்ட். போவதற்கு முன் கழிப்பறைக்குப் போய்விட்டு வாருங்கள், ஆனால் தண்ணீரைக் குறைக்காதீர்கள். சிறுநீர் அடர்த்தியானால் சிறுநீர்ப்பைக்கு எரிச்சல் வந்து அவசரம்தான் கூடும். காலை வகுப்பு என்றால் அரை மணி முன்னால் ஒரு வாழைப்பழம் போதும், இட்லி சாம்பார் எல்லாம் வீட்டுக்கு வந்து.

பயிற்சியாளரிடம் வகுப்புக்கு முன்னால் ஐந்து நிமிடம் பேசுங்கள். "எனக்கு பிரஷர் இருக்கிறது, முட்டித் தேய்மானம் இருக்கிறது, குதிக்கும் அசைவும் மூச்சைப் பிடிக்கும் அசைவும் வேண்டாம், பதிலுக்கு என்ன செய்யலாம் என்று காட்டுங்கள்." இவ்வளவு சொன்னால் போதும். கசிவைப் பற்றிச் சொல்ல மனம் வந்தால் சொல்லுங்கள், இல்லையென்றால் சொல்லித்தான் ஆக வேண்டும் என்பதில்லை. அவர் எப்படிக் கேட்கிறார் என்பதை வைத்தே பாதி முடிவுக்கு வந்துவிடலாம். எங்கே பயின்றார், கூட்டம் எவ்வளவு, வகுப்பின் நடுவே சுற்றிவந்து திருத்துகிறாரா என்று பாருங்கள். "வலிச்சாத்தான் பலன்" என்று சொல்பவரிடம் உங்கள் முட்டியை ஒப்படைக்காதீர்கள். இலவச வகுப்பு முடிந்ததும் வருடச் சந்தாவுக்கு வற்புறுத்தினால் மாதக் கட்டணம் மட்டும் கட்டுங்கள்.

எடை. இதில் உங்களுக்குப் பொய்யான நம்பிக்கை தர மாட்டேன். சாதாரண பிலாட்டீஸ் மிதமான உழைப்பின் தொடக்க எல்லையில்தான் இருக்கிறது. உங்கள் எடைக்கு 45 நிமிடத்தில் ஏறக்குறைய 160 கலோரி. கார்டியோ கலந்தால் 240 பக்கம் வரலாம். வாரத்துக்கு இரண்டு வகுப்பால் மட்டும் தராசு முள் பெரிதாக அசையாது, சாப்பாட்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் அசையும். ஆனால் தராசில் ஏறாத பலன்கள் இருக்கின்றன: படி இறங்கும் முட்டி, நாள் முழுக்கக் கணினி முன் உட்கார்ந்து இறுகிய முதுகு, தும்மலுக்குப் பயப்படாத நாட்கள். முதுகு வலிக்கு பிலாட்டீஸ் உதவுகிறது, ஆனால் மற்ற உடற்பயிற்சிகளைவிட உசத்தி என்று உறுதியாகச் சொல்லச் சான்று இல்லை என்பதுதான் மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2015-இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பின் முடிவும். எனவே இந்த வகுப்பு பிடித்தால் இது, பிடிக்காவிட்டால் வேறொன்று. உலக சுகாதார நிறுவனம் 2020-இல் சொன்ன அளவு, வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு, அதோடு இரண்டு நாளாவது தசைக்குப் பலம் தரும் பயிற்சி. இரண்டு வகுப்பு போனால் தசைப் பயிற்சிக்கான பங்கு பெரும்பாலும் நிறைவேறிவிடும், மீதி நிமிடங்களை மாலை நடையில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

முதல் வகுப்புக்கு மறுநாளும் அதற்கடுத்த நாளும் தொடை, பிட்டம், வயிறு எல்லாம் வலிக்கும். இரண்டு பக்கமும் ஒரேமாதிரி, தொட்டால் நோவும் தசை வலி என்றால் பயமில்லை, மூன்று நாளில் போய்விடும். வலி நிவாரணி மாத்திரையை நீங்களாக வாங்கிப் போடாதீர்கள், அவற்றில் பல பிரஷரை ஏற்றும், உங்கள் பிரஷர் மாத்திரையோடும் சரிப்படாது. வெந்நீர்க் குளியல், மெதுவான நடை போதும். மறுநாள் காலை வீட்டுப் படியை இறங்கிப் பாருங்கள். வழக்கமான வலிதான் என்றால் அதே அளவில் தொடரலாம். முட்டி வீங்கியிருந்தால், அல்லது வலி வழக்கத்தைவிடக் கூடுதலாக ஒரு நாளைத் தாண்டியும் நின்றால், அடுத்த வகுப்பில் ஸ்குவாட்டையும் முட்டி போடும் அசைவுகளையும் பாதியாகக் குறையுங்கள். இரண்டு வகுப்புகளுக்கு நடுவே இரண்டு நாளாவது இடைவெளி விடுங்கள். மூன்று மாதம் இடுப்புத்தளப் பயிற்சி செய்தும் கசிவு குறையவில்லை என்றால், அதற்கென்றே பயிற்சி பெற்ற இயன்முறை மருத்துவர்கள் இருக்கிறார்கள், அவர்களில் ஒருவரை நேரில் போய்ப் பாருங்கள்.